ஆறாவது கேள்வி

அத்தியாயம் பதினொன்று

பள்ளிக்கூடத்திலிருந்து வந்த கடிதத்தை ஃபிரிட்ஜ் கதவில் காந்தம் வைத்து ஒட்டியதோடு போன வாரம் நிறுத்தியிருந்தோம். மூன்று நாள் ஓடிவிட்டது. கடிதம் அங்கேயேதான் இருக்கிறது. பால் எடுக்க வருகிறவர்கள் அதை ஒரு தடவை படித்துப் பெருமூச்சு விட்டுவிட்டுத்தான் பாலை எடுக்கிறார்கள்.

புதிதாக வந்தவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மிளகுக்கு ஐந்து வயது. அது வீட்டில் வைத்த பெயர். அவள் நறுக்கென்று ஒரு வார்த்தை கேட்டால் பெரியவர்களுக்கே கண்ணில் தண்ணீர் வந்துவிடும். வீட்டுக்குள் அவள் வாய் மூடி யாரும் பார்த்ததில்லை. வாசலைத் தாண்டினால் அந்த வாய் திறந்து யாரும் பார்த்ததில்லை. பள்ளியில் சேர்ந்து ஐந்து மாதமாக ஒரு சொல் கிடையாது. பாத்ரூம் போகவேண்டும் என்றுகூடக் கேட்காமல் அடக்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவருவாள்.

வெள்ளிக்கிழமை காலை பதினொரு மணிக்குப் பெற்றோர் வரவேண்டும், குழந்தையைச் சிறப்புப் பிரிவுக்கு மாற்றுவது பற்றி அன்று முடிவாகும் என்றது கடிதம். சிறப்புப் பிரிவு இருப்பது வேறு கட்டடத்தில், இரண்டு பஸ் மாறிப் போகவேண்டிய தூரத்தில். பாடம் மெதுவாகப் புரிகிற பிள்ளைகளுக்காக நல்லபடியாக நடத்துகிற இடம்தான். ஆனால் மிளகு இருபதிலிருந்து ஒன்றுவரை பின்னோக்கி எண்ணுகிற பெண். அவளுக்கு வேண்டியது வேறு.

அந்த வெள்ளிக்கிழமை விடிந்துவிட்டது.

“கதவு மூடுது. ஓரமா நில்லுங்க. அஞ்சாவது மாடி.”

சாப்பாட்டு மேசைக்கு அடியிலிருந்து குரல் வந்தது. மேசைக்கு அடிப்பக்கம்தான் லிப்ட். ஆப்பரேட்டர் மிளகு. பயணி அவளுடைய அப்பா. காலை மடக்கி, தலையைக் குனிந்து, தேநீர்க் கோப்பையோடு உள்ளே உட்கார்ந்திருந்தார். நிஜத்திலும் அவர் லிப்ட் மெக்கானிக்தான். ஒரு நாளைக்கு அவர் பேசுகிற பேச்சை ஒரு தீப்பெட்டிக்குள் அடைத்துவிடலாம். அதில் முக்கால்வாசி இந்த மேசைக்கு அடியில்தான் செலவாகும்.

“அப்பா, நீங்க ரொம்ப வெயிட்டு. லிப்ட் கத்துது.”

“ஒரு ரொட்டிதாம்மா சாப்பிட்டேன்.”

“ரெண்டு. நான் பாத்தேன்.”

மிளகின் அம்மா அடுப்படியில் நின்று இதைக் கேட்டுச் சிரித்துக்கொண்டே போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணாடிக் கடையில் வேலை. ஃபிரேமுக்குத் தகுந்தபடி லென்ஸைத் தேய்த்துப் பொருத்துகிறவள். நாமும் அவளை லென்ஸ்காரி என்றே கூப்பிடுவோம். கடையிலும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள், அவளுக்கும் அதில் வருத்தமில்லை.

போனில் நாற்பத்து மூன்று பதில்கள் வந்திருந்தன.

நான்கு மாதத்துக்கு முன்னால் இவள் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அந்தச் சத்தத்தில் அழுதுகொண்டிருந்தவள். பெற்றவள் சரியாக வளர்க்கவில்லை, செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டாள், திமிர் பிடித்த பிள்ளை என்று ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். எல்லாவற்றையும் அவள் நம்பவும் செய்தாள். அப்புறம் ஒரு நாள் தேடித் தேடி இந்தக் குழுவுக்குள் விழுந்தாள். குழுவின் பெயர் ‘மெதுவா வா’. வீட்டில் பேசி வெளியில் பேசாத பிள்ளைகளைப் பெற்ற முந்நூற்றுப் பத்து பேர் அதில் இருக்கிறார்கள். எந்தெந்த ஊர் என்று யாரும் கேட்பதில்லை. இவள் காலை வணக்கம் போட்டால் ஒருத்தி இப்போதுதான் படுக்கப் போகிறேன் என்பாள்.

அங்கே ஒரு வழக்கம் உண்டு. எதை எழுதினாலும் முதலில் ‘காது’ என்றோ ‘கை’ என்றோ போடவேண்டும். காது என்று போட்டால் யாரும் யோசனை சொல்லக்கூடாது, கேட்டுக்கொண்டேன் என்று மட்டும் எழுதலாம். கை என்று போட்டால் வழி தெரிந்தவர்கள் சொல்லலாம். லென்ஸ்காரி முதல் இரண்டு மாதம் வெறும் காது காதாகவே போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டுக்கொண்டேன், கேட்டுக்கொண்டேன் என்று முகம் தெரியாதவர்கள் எழுதிய அந்த ஒரு வார்த்தைதான் அவளை நிமிர்த்தியது. திட்டாமல் கேட்க ஆள் கிடைத்தாலே பாதி பாரம் இறங்கிவிடுகிறது.

நேற்று அவள் போட்டது கை. நாற்பத்து மூன்று பதில்களையும் சலித்து, ஒரு கண்பரிசோதனை அட்டையின் பின்பக்கம் ஏழு வரியாக எழுதிவைத்திருந்தாள். முக்கால்வாசி ‘தபால் அப்பா’ சொன்னது. அவர் ஒரு ராத்திரி பஸ்ஸில் வந்துவிடக்கூடிய ஏதோ ஒரு ஊரில் தபால்காரர். அவருடைய மகளும் பள்ளியில் இரண்டு வருடம் வாய் திறக்காமல் இருந்து, பிறகு பேசியவள். காலி வகுப்பறையில் முதலில் வீட்டு ஆளோடு விளையாடட்டும். டீச்சர் தூரத்தில் முதுகைக் காட்டி ஏதாவது வேலை பார்க்கட்டும். கொஞ்சம் கொஞ்சமாக நெருங்கட்டும். யாரும் பேசு என்று சொல்லக்கூடாது. பேசிவிட்டால் யாரும் கைதட்டக்கூடாது. வகுப்பு டீச்சரிடம் லென்ஸ்காரி போனிலேயே சொல்லி, பத்தேகால் மணிக்கு அறையைக் காலியாக வாங்கிவிட்டாள்.

கடைசியாக அவர் ஒரு கேள்வியும் கேட்டிருந்தார். அதுதான் இன்று காலை மேசைக்கு வந்தது.

“அண்ணி, உங்க வீட்டுல வேற யாராவது சின்ன வயசுல இப்படிப் பேசாம இருந்திருக்காங்களா? குழுவுல ஒருத்தர் விசாரிக்கச் சொன்னார். அது தெரிஞ்சா ஸ்கூல்ல எடுத்துச் சொல்றது சுலபமாம்.”

அண்ணி என்பது மெக்கானிக்கின் அக்கா. பெரிய ஆஸ்பத்திரியில் ஹெட் நர்ஸ். அவர் வார்டுக்குள் நுழைந்தால் காய்ச்சல்கூட ஒரு டிகிரி இறங்கிவிடும் என்று பேச்சு. அம்மா இல்லாத தம்பியை வளர்த்தவர், இப்போதும் கூடவே இருக்கிறார். இன்றைக்கென்று லீவு போட்டுவிட்டு, கஞ்சி போட்ட சேலையில் விறைப்பாக உட்கார்ந்திருந்தார்.

“எங்க குடும்பத்துலயா? எல்லாம் வாயாடிங்கதாம்மா. முகம் தெரியாதவங்க கேட்டா நம்ம வம்சத்தையே ஒப்பிக்கணுமா?”

“முகம் தெரியாதவங்கதான் அண்ணி, ஆனா என் பொண்ணைத் தெரிஞ்சவங்க.”

“நான் இருபத்தெட்டு வருஷமா நர்ஸு. எனக்குத் தெரியாததையா போன்ல எழுதுறாங்க? இன்னைக்கு நீ சும்மா இரு. பேச வேண்டியதை நான் பேசிக்கறேன்.”

மேசைக்கு அடியில் லிப்ட் நின்றுபோயிருந்தது. மெக்கானிக் வெளியே வந்து, ஏற்கெனவே மூடியிருந்த கருவிப் பையைத் திறந்து மறுபடி மூடினார். அக்காவைப் பார்க்கவில்லை. லென்ஸ்காரி அதைக் கவனித்தாள். கேட்க நேரமில்லை, பஸ் பிடிக்கவேண்டியிருந்தது.

வாசல் கதவைத் திறந்ததும் பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். லிப்ட் விளையாட்டில் ஆறாவது மாடி ஏறிக்கொண்டிருந்த மிளகு அப்படியே ஊமையாகிவிட்டாள். அத்தையின் முந்தானைக்குள் முகம் போய்விட்டது.

“என் மருமக நல்லா இருக்காளாம், உங்களையும் கேட்டாளாம்” என்று அத்தையே அவளுக்காகப் பதில் சொன்னார்.

பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் கால் வைத்த இரண்டாவது நிமிடம் மெக்கானிக்கின் போன் அடித்தது. ஒன்பது மாடிக் கட்டடம் ஒன்றில், இரண்டு மாடிக்கு நடுவில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே இரண்டு பேர். ஒருவர் எட்டு மாதக் கர்ப்பிணி. பக்கத்தில் இருக்கிற மெக்கானிக் இவர் ஒருவர்தான்.

அவர் போனைப் பார்த்தார், மகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். திட்டத்தின் முதல் வரியே அவர்தான். மிளகு யோசிக்காமல் பேசுகிற ஆள் உலகத்தில் அவர் மட்டும்தான்.

“நீங்க போங்க” என்றாள் லென்ஸ்காரி. “உள்ள இருக்கறவங்க பயந்துட்டு இருப்பாங்க. இங்க நான் பாத்துக்கறேன்.”

“பதினொண்ணுக்குள்ள வந்துடறேன்.”

“வாங்க. வரலைன்னாலும் நான் இருக்கேன்.”

அப்படிச் சொல்லிவிட்டாளே தவிர, அவர் படியிறங்கும்வரை அவர் முதுகையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பலவீனம் அவளுக்குத் தெரியும். அவள் கேள்வி கேட்கிறவள். இது என்ன கண்ணு, அது என்ன நிறம், டீச்சருக்குச் சொல்லு பார்க்கலாம் என்று வாய் தானாகக் கேட்டுவிடும். கேட்ட உடனே மிளகு மூடிக்கொள்வாள். தாழ்வாரத்துச் சுவரில் சாய்ந்துகொண்டு போனை எடுத்தாள்.

‘கை. அவங்க அப்பா அவசரமா வேலைக்குப் போயிட்டார். இன்னும் பத்து நிமிஷத்துல நான்தான் விளையாடணும். நான் கேள்வி கேட்டே கெடுத்துடுவேன். என்ன செய்யட்டும்?’

முதல் பதில் அரை நிமிடத்தில் வந்தது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா ஒருத்தி. அவள் ஊரில் அப்போது என்ன நேரமோ தெரியாது. குரல் பதிவு. “வர்ணனை பண்ணு தாயி. பந்தயத்துக்கு ரேடியோவுல சொல்லுவாங்களே, அது மாதிரி. அவ என்ன செய்றாளோ அதை நீ சொல்லிட்டே இரு. கேள்வியே வராது.”

இன்னொருத்தி, “நடுவுல அஞ்சு வரைக்கும் மனசுல எண்ணிட்டு அடுத்ததைச் சொல்லுங்க. அந்த இடைவெளிலதான் பிள்ளை நுழையும்.”

தபால் அப்பா வழக்கம்போல் எழுத்தில்தான். ‘தப்பாகச் சொல்லுங்கள். பிள்ளைகளுக்குத் திருத்தப் பிடிக்கும்.’

அதற்குக் கீழே ஆளாளுக்கு, இங்கேயே இருக்கிறோம், இங்கேயே இருக்கிறோம் என்று வரிசையாக வந்துகொண்டிருந்தது. லென்ஸ்காரி போனை இடுப்பில் செருகிக்கொண்டு வகுப்பறைக்குள் போனாள்.

அறையில் சின்ன நாற்காலிகள், சுவர் முழுக்க வண்ணக் காகிதம். வகுப்பு டீச்சர் தூரத்து மூலையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து, கத்தரியால் அட்டை வெட்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சின்ன வயது டீச்சர், சொன்னதைச் சொன்னபடி செய்கிறவர். லென்ஸ்காரிக்கு அப்போதே அவரைப் பிடித்துவிட்டது. ஹெட் நர்ஸை வெளியே தாழ்வாரத்தில் உட்காரச் சொல்லியாயிற்று.

“மிளகு நாலு நாற்காலியை எடுக்குது. நாலையும் சதுரமா வைக்குது. இதுதான் லிப்டு போல.” ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. “அம்மா உள்ள வர்றேன். எனக்கு மொட்டை மாடிக்குப் போகணும், அதனால கீழ போற பட்டனை அமுக்கறேன்.”

மிளகின் முகம் சுளித்தது. அம்மாவின் காதருகில் வந்தாள்.

“மேல போறது.” காற்றுதான் வந்தது. குரல் இல்லை.

“ஓ. மேல போறதை அமுக்கியாச்சு. லிப்டு ஏறுது.”

கத்தரிச் சத்தம் நிற்கவில்லை. ஐந்து நிமிடம் கழித்து டீச்சர் அட்டையோடு எழுந்து, இரண்டு வரிசை கிட்டே வந்து, மறுபடி முதுகைக் காட்டி உட்கார்ந்தார். மிளகு ஒரு கண்ணால் பார்த்தாள். பிறகு, “ரெண்டாவது மாடி” என்றாள். காற்றோடு கொஞ்சம் குரலும் இருந்தது.

லென்ஸ் தேய்க்கிறபோது அவசரப்பட்டால் ஓரம் தெறித்துவிடும். ஒரு மயிரிழை தேய்த்து, வைத்துப் பார்த்து, மறுபடி ஒரு மயிரிழை. பதினோரு வருடமாக அவள் கை பழகிய நிதானம் அது. இன்றைக்கு அதை வாய்க்குக் கொண்டுவந்தாள். டீச்சர் இன்னும் ஒரு வரிசை வந்தார். மிளகின் குரல் ஏறிக்கொண்டே போனது.

“நாலாவது மாடி. கதவு தெறக்குது. ஓரமா நில்லுங்க.”

அது குரல். முழுக் குரல். ஐந்து மாதத்தில் அந்த அறை முதல் தடவையாகக் கேட்ட குரல். கத்தரி ஒரு நொடி தயங்கி மறுபடி வெட்டியது. லென்ஸ்காரி வர்ணனையை விடவில்லை.

கதவு படாரென்று திறந்தது.

“பேசிட்டா என் தங்கம். நான் கேட்டேன், இந்தக் காதால கேட்டேன்.” ஹெட் நர்ஸ் இரண்டு கையையும் தட்டிக்கொண்டு உள்ளே வந்தார். முகமெல்லாம் கண்ணீர். “டீச்சருக்கு ஒரு வணக்கம் சொல்லு கண்ணு. எங்க, அத்தைக்காக ஒரே ஒரு தடவை.”

மிளகு நாற்காலிகளுக்கு நடுவில் உட்கார்ந்து முழங்காலுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அவ்வளவுதான். லிப்ட் நின்றுவிட்டது.

யாரும் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஹெட் நர்ஸுக்கே நன்றாக இருந்திருக்கும். அவர் அப்படியே நின்றார், தட்டிய கைகளை என்ன செய்வதென்று தெரியாமல்.

“கைதட்டக்கூடாதுன்னு சொன்னியே” என்றார் மெல்ல. “சொன்னதானே.”

“சொன்னேன் அண்ணி. பரவாயில்ல. வாங்க, மணியாச்சு.”

உள்ளுக்குள் அவளுக்குப் பற்றிக்கொண்டுதான் வந்தது. மகளைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள்.

தலைமை ஆசிரியை பொல்லாதவர் இல்லை. இருநூறு பிள்ளைகளையும் அவர்களைப் பற்றிய காகிதங்களையும் ஒற்றை ஆளாகச் சுமக்கிறவர், அதனால் காகிதத்தை நம்பப் பழகியவர். வகுப்பு டீச்சர் நடந்ததைச் சொன்னார். தலைமை ஆசிரியை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.

“ஆனா உங்ககிட்ட பேசல. அவங்க அம்மாகிட்ட பேசினா, நீங்க பக்கத்துல இருந்தீங்க. அப்படித்தானே?”

“ஆமா மேடம்.”

“வீட்டுல பேசி வெளியில பேசாத பிள்ளைங்க இருக்காங்கன்னு நானும் படிச்சிருக்கேன்” என்றார் லென்ஸ்காரியிடம். “பெரும்பாலும் குடும்பத்துல முன்னாடி யாராவது அப்படி இருந்திருப்பாங்கன்னு போட்டிருந்தது. அதனாலதான் சேர்க்கைப் படிவத்தை எடுத்துப் பாத்தேன். ஆறாவது கேள்வி. குடும்பத்தில் யாருக்கேனும் சிறு வயதில் பேச்சுத் தாமதமோ பேசாமையோ இருந்ததா. இல்லைன்னு தெளிவா எழுதியிருக்கீங்க. அப்ப வேற காரணம்னுதானே நாங்க நினைக்கணும்?”

படிவம் மேசைமேல் வந்தது. பன்னிரண்டு கேள்வி, பன்னிரண்டு ‘இல்லை’. சாய்வில்லாத, பட்டை பட்டையான கையெழுத்து. ஆஸ்பத்திரியில் ஆயிரம் படிவம் நிரப்பிய கை. வியாதிப் பட்டியலைக் கண்டாலே, நம்ம வீட்டுப் பிள்ளைக்கு இதெல்லாம் எதற்கு என்று ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருந்தது.

“நீங்க சொல்றது சரிதான் மேடம்” என்று தொடங்கினாள் லென்ஸ்காரி. “இந்தக் குழந்தைக்குப் பாடம் புரியுது. அதுக்கு வேற பிரிவு தேவையில்ல, வேற நிதானம்தான் தேவை. எங்க குழுவுல ஒரு தபால்காரர் இருக்கார், அவரோட பொண்ணும் இப்படி இருந்து...”

“ஆறாவதுக்கு நான் எழுதினது பொய்” என்றார் ஹெட் நர்ஸ்.

அறையில் எல்லாரும் அவரைப் பார்த்தார்கள். அவர் மேசைமேல் இருந்த படிவத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“படிவத்தை நிரப்பினது நான்தாங்க. என் தம்பி, இவளோட அப்பா, ஏழு வயசு வரைக்கும் வாசலைத் தாண்டினா வாய் திறந்ததில்ல. ஊமைன்னு கூப்பிட்டாங்க. நான் அப்ப பதினாலு வயசுப் பொண்ணு. எனக்குத் தாங்கல. அவனைக் கேட்ட கேள்விக்கெல்லாம் நானே பதில் சொல்லிட்டு வந்தேன். அப்புறம் அவன் பேச ஆரம்பிச்சதும், இதை இனிமே ஒருத்தர்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு அவன்கிட்ட சத்தியம் வாங்கினேன். இன்னைக்குக் காலைலகூட இவ கேட்டா. இல்லைன்னேன்.” அவர் படிவத்தைத் தள்ளிவைத்தார். “குழந்தைக்கும் நான்தாங்க பதில் சொல்லிட்டு இருக்கேன். எனக்கு இப்பதான் உறைக்குது.”

லென்ஸ்காரிக்குக் கோபம் வந்தது. நிஜமான கோபம். நான்கு மாதம் அவள் தன்னையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றிக்கொண்டிருந்தாள், பதில் அடுத்த அறையில் தூங்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஆனால் அந்தப் பெரிய உருவம் கஞ்சிச் சேலைக்குள் சுருங்கி உட்கார்ந்திருப்பதைப் பார்த்ததும் பாதி கோபம் கரைந்துபோயிற்று. மீதிப் பாதியை வீட்டில் வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.

“ஏழு வயசு இல்ல அக்கா. ஏழே முக்கால்.”

வாசலில் மெக்கானிக் நின்றிருந்தார். முழங்கை வரை கிரீஸ். எவ்வளவு நேரமாக நிற்கிறார் என்று யாருக்கும் தெரியவில்லை.

“அவங்க ரெண்டு பேரும்?” என்றாள் லென்ஸ்காரி.

“நல்லா இருக்காங்க. இறக்கிவிட்டாச்சு.” தலைமை ஆசிரியையைப் பார்த்தார். கையைத் துடைத்தார். அவருக்கு இன்றும் பள்ளிக்கூட அறைகள் என்றால் நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்பது அந்த நிமிடம்தான் அவர் மனைவிக்குப் புரிந்தது. அப்படியும் பேசினார்.

“எல்லாரும் என்னைப் பேசு பேசுன்னாங்க. அடிச்சும் பாத்தாங்க. ஒரு வாத்தியார் மட்டும் ஒண்ணும் கேக்கல. ஒரு நாள் என் பக்கத்துல உக்காந்து சைக்கிள் செயினை மாட்டிட்டு இருந்தார். தப்பா மாட்டினார். ரொம்ப நேரம் தப்பா மாட்டினார். எனக்குப் பொறுக்கல. அப்படியில்ல சார்னேன். அதுதாங்க பள்ளிக்கூடத்துல நான் பேசின முத வார்த்தை.” செயின் மாட்டுவதுபோல் கையை அசைத்துக் காட்டினார். “அவர் வேணும்னுதான் தப்பா மாட்டினார்னு எனக்குப் பெரியவனானதுக்கு அப்புறம்தான் தெரிஞ்சுது.”

இவ்வளவு நீளமாக அவர் பேசி லென்ஸ்காரியே கேட்டதில்லை.

தலைமை ஆசிரியை பேனாவை எடுத்தார், வைத்தார், மறுபடி எடுத்தார். ஆறாவது கேள்விக்கு எதிரில் இருந்த ‘இல்லை’யை அடித்துவிட்டு, விவரம் கேட்டு எழுத ஆரம்பித்தார். எந்த வயதில், எத்தனை வருடம், வீட்டில் பேசினீர்களா. மெக்கானிக் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னார். அக்கா வாயைத் திறந்து, தானே மூடிக்கொண்டார்.

வகுப்பு டீச்சர் இதற்குள் நாற்காலியிலிருந்து இறங்கித் தரையில் உட்கார்ந்திருந்தார். அம்மாவின் காலடியில் மிளகு. அவளிடமிருந்து ஒரு முழம் தள்ளி டீச்சர், பாதி முதுகைத் திருப்பியபடி. கையிலிருந்த வெள்ளை அட்டையில் ஒரு பெட்டி வரைந்தார். பெட்டிக்கு இரண்டு கதவு. பக்கத்தில் வட்டம் வட்டமாகப் பட்டன்கள். கீழேயிருந்து எண் போட்டார். ஒன்று. இரண்டு. நான்கு. மூன்று. ஐந்து.

மிளகு முழங்காலிலிருந்து முகத்தை எடுத்தாள்.

டீச்சர் அவளைப் பார்க்கவில்லை. வண்ணப் பென்சிலை எடுத்து, அந்தத் தப்பான நான்குக்கு நிதானமாகச் சிவப்பு தீட்டினார். பிறகு தப்பான மூன்றுக்குப் பச்சை.

மேலே பேச்சு நடந்துகொண்டிருந்தது. லென்ஸ்காரி மட்டும் கீழே பார்த்தாள். அவள் பார்ப்பதைப் பார்த்து ஹெட் நர்ஸ் பார்த்தார். மெக்கானிக் பேச்சை நிறுத்தினார். அவர் ஏன் நிறுத்திவிட்டார் என்று தலைமை ஆசிரியையும் எட்டிப் பார்த்தார்.

ஒரு சின்ன விரல் அட்டையின்மேல் வந்தது.

“மூணு இங்க வரணும்.”

டீச்சரைப் பார்த்துத்தான் சொன்னாள். அறையில் எல்லாருக்கும் கேட்டது.

“அப்படியா” என்றார் டீச்சர், அட்டையைவிட்டுக் கண்ணை எடுக்காமல். “சரி, அழிச்சிடறேன்.” அழித்தார்.

“நாலு அதுக்கு மேல.”

“ம்.”

“தப்பா இருந்தா லிப்டுல இருக்கறவங்க தப்பான வீட்டுக்குப் போயிடுவாங்க.”

யாரும் கைதட்டவில்லை. ஹெட் நர்ஸின் இரண்டு கையும் மேலே எழும்பின. பிறகு அவர் அந்தக் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். கண்ணீர் வழிந்ததைத் துடைக்கக்கூடக் கையை எடுக்கவில்லை.

தலைமை ஆசிரியை மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார். அதைத் துடைக்கிற சாக்கில் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டார்.

“சிறப்புப் பிரிவை நிறுத்திவைக்கறேன்” என்றார், குரலைத் தாழ்த்தி. “பருவம் முடியற வரைக்கும். ஆனா ஒரு விஷயம். இந்தப் பிள்ளைக்கு ஒரு டீச்சர் மட்டும் இல்ல, பாட்டு டீச்சர், விளையாட்டு டீச்சர்னு எட்டுப் பேர் இருக்காங்க. எட்டுப் பேருக்கும் இது தெரியணும். ஒருத்தர் தெரியாம அதட்டினாலும் பழையபடி ஆயிடும். நான் புத்தகத்துல படிச்சதைச் சொன்னா அவங்க தலையாட்டிட்டுப் போயிடுவாங்க. இதைத் தாண்டி வந்தவங்க யாராவது வந்து சொல்லணும். அடுத்த வெள்ளிக்கிழமை டீச்சர்ஸ் கூட்டம் இருக்கு. உங்க குழுவுல யாரோ தபால்காரர்னீங்களே, அவர் வருவாரா?”

“வருவார்” என்றாள் லென்ஸ்காரி. ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “நான் சொன்னா வருவார் மேடம்.”

தாழ்வாரத்துக்கு வந்தார்கள். மிளகு அப்பாவின் தோளில் ஏறி, அவர் காதுக்குள் மாடி எண்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். ஹெட் நர்ஸ் தம்பியின் கிரீஸ் கையைப் பிடித்தார்.

“என்மேல கோவமாடா?”

“இருக்கு” என்றார் தம்பி. கையை விலக்கிக்கொள்ளவும் இல்லை. “வீட்டுக்குப் போய்ப் பேசலாம் அக்கா. நிறைய பேசணும்.”

லென்ஸ்காரி போனை எடுத்தாள். இருபத்தாறு பேர் என்ன ஆயிற்று என்று கேட்டிருந்தார்கள். ‘டீச்சர்கிட்ட பேசிட்டா. மூணு வாக்கியம்’ என்று எழுதினாள். குழு பொங்கி வழிந்தது. இரட்டைப் பிள்ளைகளின் அம்மா அழுகையும் சிரிப்புமாக ஒரு குரல் பதிவு. இன்னொரு ஊரிலிருந்து ஒரு அப்பாவின் குரல். அடுத்தடுத்துக் குரல்கள்.

தபால் அப்பா மட்டும் எழுத்தில்: ‘மிகவும் சந்தோஷம்.’

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. நான்கு மாதத்தில் அவர் ஒரு தடவைகூடக் குரல் அனுப்பியதில்லை. குழுவில் எல்லாரும் சேர்ந்து பேசிய மூன்று தடவையும் அவர் வரவில்லை. ஒருமுறை இவள் அவசரத்துக்குப் போன் செய்தபோது எடுக்காமல், எழுதுங்கள் என்று செய்தி அனுப்பினார். வீட்டில் வேறு யாராவது இப்படி இருந்தார்களா என்று அவருக்கு மட்டும் ஏன் கேட்கத் தோன்றியது என்பதும் விளங்கியது. எட்டு டீச்சர்கள் முன்னால் நின்று பேச வருவார் என்று எந்த மனிதருக்காக இவள் வாக்குக் கொடுத்தாளோ, அவரால் இன்றுவரை வெளியாட்களிடம் பேச முடியாது.

தனியாக அவருக்கு எழுதினாள். நடந்ததை மறைக்கவில்லை. ‘உங்களைக் கேக்காம வரேன்னு சொல்லிட்டேன். தப்பு என்னோடது. முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லுங்க, நான் வேற வழி பாக்கறேன்.’

பதில் வரவில்லை. பஸ் வந்தது, ஏறினார்கள். இரண்டு நிறுத்தம் போயிற்று. அவர் பெயருக்குக் கீழே ‘எழுதுகிறார்’ என்று காட்டியது, நின்றது, மறுபடி காட்டியது. மூன்றாவது நிறுத்தத்தில் வந்தது.

‘நீங்கள் நினைப்பது சரி. என்னால் பேச முடியாது. ஆனால் என் மகளிடம் சொன்னேன். அவளுக்கு இப்போது பதினோரு வயது. அவள் கேட்டது ஒன்றுதான். எட்டு டீச்சர்கள் போதுமா, இன்னும் கொஞ்சம் பேரைக் கூப்பிடுவார்களா என்று கேட்கிறாள். அடுத்த வெள்ளிக்கிழமை அவளை அழைத்துக்கொண்டு வருகிறேன்.’